அப்பா உப்பு கேட்டார்

2021 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியைத் திறந்து, அடியில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரைக் கரண்டியால் அள்ளிக் குடித்தார். சோறு இன்னும் தட்டுக்கே வரவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஏங்க, பிரஷர்காரர் செய்யிற வேலையா இது?" என்று சத்தம் போட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

"விடும்மா, கோவிட் வந்தவங்களுக்கு நாக்கு செத்துப் போயிடும். கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று அம்மாவைச் சமாதானப்படுத்தியது நான்தான். அதற்கு ஒன்பதாவது நாள் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

இதை இவ்வளவு காலம் கழித்து எழுதக் காரணம், அந்த ஒன்பது நாட்களும் அதற்கு முந்தைய ஆறேழு வாரங்களும் அப்பாவின் உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது என்பதுதான். எங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் நல்லது என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு அப்போது 68 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யீஷூனில் அம்மாவும் அவரும் மட்டும். 2021 அக்டோபரில் டெல்டா அலை சிங்கப்பூரைப் போட்டு அடித்ததே, 27ஆம் தேதி ஒரே நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் என்று கணக்கு வந்ததே, அந்த மாதம்தான் அவருக்கும் தொற்றியது. தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தார். இருந்தும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 91 காட்டியது. மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள்.

பதினோரு நாள் இருந்தார். ஆக்சிஜன் கொடுத்தார்கள். தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், பத்து நாளைக்கு. கோவிட்டில் மூச்சு முட்டுபவர்களை இந்த மருந்து காப்பாற்றுகிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியதிலிருந்து உலகம் முழுக்க இதுதான் வழக்கம். கூடவே இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

ஆறாவது நாள் வீடியோ அழைப்பில், "முதுகு ரெண்டு பக்கமும், விலாவுக்குக் கீழே, யாரோ உள்ளேருந்து பிசையிற மாதிரி இருக்கும்மா" என்றார். குப்புறப் படுக்க வைத்ததால் வந்த தசைவலி என்றார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள், மூன்று நாளில் குறைந்தது. வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் அந்த வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் பிறகு பார்த்த மருத்துவர்கள் சீக்கிரம் யோசித்திருப்பார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. அந்த வார்டில் வேலை பார்த்தவர்கள் யாரும் அன்று தூங்கியிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்ததெல்லாம் எங்களுக்கு நல்ல செய்தியாகவே தெரிந்தது. இருபது வருடமாக மாத்திரை போட்டும் 140க்குக் கீழே வராத இரத்த அழுத்தம் 112க்கு வந்தது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மாத்திரையைப் பாதியாக்கினார்கள், அடுத்த முறை போனபோது நிறுத்தியே விட்டார்கள். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார். எடை 71 கிலோவிலிருந்து 63க்கு இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "இளமையாயிட்டீங்களே" என்றார்கள். காலையில் கட்டிலிலிருந்து எழ மட்டும் சுவரைப் பிடித்தார். மின்தூக்கியிலிருந்து காப்பிக் கடைக்குப் போகும் வழியில் இருக்கும் மூன்று பெஞ்சிலும் உட்கார்ந்து போனார். இதைச் சொல்லி இரண்டு முறை மருத்துவரிடம் போனோம். கோவிட்டுக்குப் பிந்தைய களைப்பு, சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும் என்றார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அது சரியான பதிலாகவே இருந்திருக்கும்.

முகம் கருத்துப் போயிருந்தது. ஒரத்தநாட்டிலிருந்து வீடியோவில் பார்த்த அத்தை, "என்னடி அண்ணன் இப்படிக் கருத்துட்டாரு, வெயில்ல அலையிறாரா?" என்று கேட்டார். வெயிலா? காப்பிக் கடைக்குப் போவதே பெரும்பாடாக இருந்த மனிதர்.

டிசம்பரில் எதையோ சாப்பிட்டு வயிறு கெட்டது. இரவில் இரண்டு தடவை வாந்தி. அந்த வீட்டில் எங்கள் எல்லோருக்குமே அன்று வயிறு சரியில்லைதான், நாங்கள் ரசம் சோறு சாப்பிட்டுத் தேறிவிட்டோம். அப்பா விடியற்காலை அம்மாவைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கை சில்லென்று இருந்தது. 995ஐ அழைத்தேன். வந்தவர்கள் அளந்த இரத்த அழுத்தம் 78க்கு 46.

அவசரப் பிரிவில் சலைன் ஏற்றினார்கள். இரண்டு லிட்டர் போயும் அழுத்தம் ஏறவில்லை. இரத்தத்தில் சோடியம் 117, இருக்க வேண்டியது 135க்கு மேல். பொட்டாசியம் ஏறிக் கிடந்தது, சர்க்கரை இறங்கிக் கிடந்தது. அப்போது ஓர் இளம் பெண் மருத்துவர், சீனர், முப்பது வயதுகூட இருக்காது, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "அங்கிள், கையைக் காட்டுங்க" என்று அப்பாவின் உள்ளங்கையை விரித்து விளக்கின் கீழே பிடித்தார். பிறகு என் கையைக் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

என் கை ரேகைகள் எப்போதும்போல் லேசான பழுப்பு. அப்பாவின் ரேகைகள் பேனாவால் இழுத்த மாதிரி கறுப்பு. உதட்டை விலக்கிக் காட்டினார், ஈறில் மை தொட்டு வைத்தது போல் திட்டுத்திட்டாக. "இது முன்னாடியே இருந்ததா?" என்று கேட்டார். பெற்ற அப்பாவின் உள்ளங்கை எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "இல்ல, இல்லவே இல்ல" என்று அழுதார்.

மருத்துவர் ஒரு குழாயில் இரத்தம் எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. தாதியிடம் சொல்லி 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனை உடனே நரம்பில் போடச் சொன்னார். மத்தியானத்துக்குள் அழுத்தம் நூறைத் தாண்டியது. சாயங்காலம் அப்பா கண்ணைத் திறந்து, மைலோ கிடைக்குமா என்று கேட்டார். ஆறேழு வாரமாகப் படுத்துக் கிடந்த மனிதரை ஓர் ஊசி எழுப்பி உட்கார வைத்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. அந்த ஊசியில் இருந்தது என்ன, அது இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

அதற்கான விடை மறுநாள் ஸ்கேனில் வந்தது. இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தது போல் ஆளுக்கொரு அட்ரினல் சுரப்பி உண்டு. பாடப்புத்தகத்தில் அண்ணீரகம் என்று படித்திருப்போம். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம், அவ்வளவுதான். அதன் வெளிப்பகுதியில் கார்ட்டிசால், ஆல்டோஸ்டெரோன் என்று இரண்டு முக்கியமான ஹார்மோன்கள் சுரக்கின்றன. கார்ட்டிசால் நோய், காயம், பட்டினி எது வந்தாலும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது. ஆல்டோஸ்டெரோன் சிறுநீரில் உப்பு ஓடிவிடாமல் மறிப்பது. அப்பாவுக்கு இரண்டு சுரப்பியிலும் இரத்தம் கசிந்து, கட்டி, பழையதாகியிருந்தது. பிசையிற மாதிரி வலித்தது என்றாரே, அதுதான் அந்த நாள்.

ஏன் அங்கே கசிய வேண்டும் என்று கேட்டேன். மருத்துவர் ஒரு டிஷ்யூ தாளில் படம் வரைந்தார். சுரப்பிக்குள் இரத்தம் கொண்டுவரும் மெல்லிய நாளங்கள் ஐம்பது அறுபது. வெளியேற்றும் சிரை அநேகமாக ஒன்றே ஒன்று. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "ஐம்பது வாய்க்கால்ல தண்ணி வருது, வடிகால் ஒண்ணுதான்." சரியாக அதேதான். உடம்புக்குக் கடும் நோய் வந்தால் மூளை அந்தச் சுரப்பியை வேலை வாங்குகிறது, இரத்த ஓட்டம் பல மடங்கு ஏறுகிறது. அதே நேரத்தில் கோவிட் இரத்தத்தை உறைய வைக்கும் நோய். வடிகாலில் ஒரு சின்ன இரத்தக் கட்டி அடைத்தால் போதும், வயல் நிரம்பி வரப்பு உடைகிறது. உறையாமலிருக்கப் போடும் ஊசி கசிவைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். அதற்காக அந்த ஊசி போட்டது தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, நுரையீரலில் கட்டி அடைத்து இறந்தவர்கள் எத்தனையோ பேர். கோவிட் கிருமி நுழைவதற்கு வேண்டிய கதவு அட்ரினல் செல்களிலும் இருக்கிறது, இறந்தவர்களின் சுரப்பிக்குள் கிருமியையே கண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அப்படியானால் மருத்துவமனையிலேயே ஏன் விழவில்லை? டெக்ஸாமெத்தசோன். கார்ட்டிசால் செய்யும் வேலையின் பெரும்பகுதியை அந்த மருந்து செய்துகொண்டிருந்தது. சுரப்பி போனது வெளியே தெரியவில்லை. மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மிச்சம் மீதி இருந்த கொஞ்சத்தைக் கொண்டு உடம்பு ஓட்டியது. வயிற்றுக் கோளாறு வந்த அன்று அந்தக் கொஞ்சம் போதவில்லை. பிரஷர் இறங்கியது, எடை குறைந்தது, முகம் கருத்தது, ஊறுகாய்த் தண்ணீர், எல்லாம் ஒரே வியாதிதான். உப்பு சிறுநீரில் ஓடிக்கொண்டிருந்தது, உடம்பு கேட்டு வாங்கியது. நாங்கள் புட்டியை ஒளித்து வைத்தோம்.

வைரஸ் இந்தப் பக்கம் கை வைப்பது புதிதும் இல்லை. எச்ஐவி முற்றியவர்களுக்கு சைட்டோமெகலோ வைரஸ் அட்ரினலைத் தாக்குவது பல காலமாகத் தெரிந்த விஷயம். நம் ஊருக்கே இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 2003இல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் மாதக்கணக்கில் களைப்பு, தலைசுற்றல் என்று சொன்னதால் டான் டோக் செங் மருத்துவமனை மருத்துவர்கள் 61 பேரைக் கூப்பிட்டு ஹார்மோன்களை அளந்து பார்த்தார்கள். 24 பேருக்குக் கார்ட்டிசால் குறைவு. 2005இல் அந்த ஆய்வு வெளியானது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு சுரப்பிக்கு உத்தரவு போடும் மூளைப் பக்கத்தில் இருக்கலாம் என்று கருதினார்கள். பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியானது. அப்பாவுடையது வேறு மாதிரி, சுரப்பியே போனது. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. களைப்பு என்று சொன்னவர்களை உட்கார வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் யீஷூனிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில். களைப்பாகத்தானே இருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமஸ் அடிசன் என்ற லண்டன் மருத்துவர் 1855இல் இந்த வியாதியை முதலில் விவரித்தபோதே தோல் கருப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு அது சட்டென்று தெரியும். நம் நிறத்தில் தெரியாது. தெரிந்தாலும் நாம் அதை அழகுக் கணக்கில்தான் எழுதுகிறோம். "மஞ்சள் பூசச் சொல்லு, கடலை மாவு போடச் சொல்லு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சுரப்பி வேலை செய்யாதபோது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, இன்னும் சுரக்கச் சொல்லி ஏசிடிஎச் என்ற ஹார்மோனைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அது தோலின் நிறச் செல்களையும் தூண்டிவிடும். அதனால் வெயில் படாத இடங்களைப் பார்க்க வேண்டும்: உள்ளங்கை ரேகை, ஈறு, கன்னத்தின் உட்புறம். விரல் முட்டியும், புதிதாக ஆறிய தழும்பும்கூடக் கருக்கும். நம்மில் சிலருக்கு ஈறு பிறவியிலேயே கருப்பாக இருக்கும், ஆகவே கேட்க வேண்டிய கேள்வி முன்பு எப்படி இருந்தது என்பதுதான். அதைச் சொல்ல வீட்டு மனிதரால்தான் முடியும். என்னால் முடியாமல் போனது.

ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5, சாயங்காலம் 5. உப்பைப் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 0.1 மில்லிகிராம், காலையில் ஒரு தடவை. வாழ்நாள் முழுக்க. இதைக் கேட்டதும் எங்கள் குடும்பத்தில் நடந்த கலவரத்தைச் சொல்லி மாளாது. "ஸ்டீராய்டா? எலும்பு உருகிடும், சுகர் வந்துடும்" என்று அத்தை தினமும் போன் செய்தார். சித்தப்பா ஒரு நாட்டு வைத்தியரின் நம்பரை அனுப்பினார். பிப்ரவரியில் ஒரு வாரம் அப்பா மறுபடி சோர்ந்து கிடந்தார். மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்த்தபோது கணக்கு இடித்தது. அம்மா கத்தியால் மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக. "குறைச்சா நல்லதுதானேன்னு நெனச்சேன்டி" என்றார். அந்தச் சின்னக் கத்தியையும், சாமி படத்துக்குக் கீழே கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்த பாதி மாத்திரைகளையும் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய பயத்துக்கு நாங்கள் யாருமே பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு உட்கார்ந்து சொன்னேன். அம்மா, உங்க உடம்பு இன்னைக்கும் இதைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, தினமும் பத்து மில்லிகிராம் வாக்குல. அப்பா உடம்புல அது நின்னு போச்சு. இந்த மாத்திரையில இருக்கிறது அதே சரக்கு, கார்ட்டிசாலேதான். சுகர்க்காரருக்கு இன்சுலின் போடுற மாதிரி, இல்லாததைக் கொடுக்கிறோம், இருக்கிறதுக்கு மேல கொடுக்கல. எலும்பு உருகும் என்று சொல்வது, மற்ற வியாதிகளுக்காக அதிக அளவில் நீண்ட நாள் கொடுப்பதைப் பற்றிய பேச்சு. அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. எனக்கு வருத்தமெல்லாம், இதே அத்தை மாமாக்கள் மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத மூலிகை உருண்டைகளை எந்தப் பயமும் இல்லாமல் வாங்கி விழுங்குவதில்தான். அப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் ஒளிந்திருக்கிறது என்று சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் அட்ரினல் தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அப்பா விழுந்த மாதிரியே விழ வேண்டியதுதான்.

அப்பாவுக்கு ஆறுதலாக இருந்தது கென்னடி. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கும் அட்ரினல் கோளாறு என்று தாதி ஒருவர் சொல்லியிருந்தார். "அவரே இந்த மாத்திரையப் போட்டுத்தான் நாட்டை ஆண்டாரா" என்று காப்பிக் கடை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1940களின் கடைசியில் கார்ட்டிசோன் மருந்தாக வராத வரை இந்த வியாதி வந்தவர்கள் சில வருடம்தான் இருந்தார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்க வேண்டும். வாந்தி வந்தால் மாத்திரை நிற்காது, தொடையில் 100 மில்லிகிராம் ஊசி போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஊசி போடச் சொல்லிக் கொடுத்த தாதி ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்தார். அம்மா என்னைத் தள்ளிவிட்டு முதலில் அதை வாங்கினார். பொடியில் மருந்து நீரைக் கலந்து, குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைக்குள் உருட்டி, தலைகீழாய்ப் பிடித்து உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, பழத்துக்குள் நேராக இறக்கினார். கை நடுங்கவே இல்லை. மாத்திரையை வெட்டிய அதே கை. 2022 அக்டோபரில் அப்பாவுக்கு மறுபடி கோவிட் வந்தது, காய்ச்சல் 38.6. அம்மா மாத்திரையை இரண்டு மடங்காக்கி, நாட்காட்டித் தாளில் மணி எழுதி, நாலு நாளில் கரை சேர்த்துவிட்டார். ஊசிக்கு வேலை வரவில்லை.

இப்போது அப்பா ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறார். நல்ல உடம்பில் கார்ட்டிசால் விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கி நம்மை எழுப்புமாம். அவருக்கு அது மாத்திரையாக வர வேண்டும். இருட்டில் படுக்கையிலேயே விழுங்கிவிட்டு மறுபடி சாய்ந்துகொள்வார். முக்கால் மணி நேரத்தில், சுவரைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவார்.

அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலுக்கு ஒரத்தநாடு போகிறார்கள். மூன்று வாரம். மாத்திரை ஆறு வாரத்துக்கு, இரண்டு பைகளில் பிரித்து. ஊசிக் குப்பி இரண்டு, கைப்பையில், காலாவதித் தேதி பார்த்தாயிற்று. மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு அங்கே யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அதையே தமிழில் எழுதி அட்டையில் ஒட்டினேன்.

"இவருக்கு அட்ரினல் சுரப்பிகள் வேலை செய்யவில்லை. வாந்தி, மயக்கம், குழப்பம், கடும் காய்ச்சல், விபத்து எதுவானாலும் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடவும். ஊசி இவர் பையில் இருக்கிறது. சலைன் ஏற்றவும். இரத்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடும்மா, உங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது" என்றார்.